நாலு விநாடி

இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவள் லோர்னா பீடர்சன். மவுண்டன் வியூவில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில், ரத்தப் பரிசோதனைக் கருவியின் நிரலில் எங்கே பிழை என்றாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை காலை மேலாளர் ராய்ஸின் அறைக்குப் போய், "என்னை இந்த வேலைலேர்ந்து எடுத்துடு ராய்ஸ். கையேடு எழுதற வேலை ஏதாவது இருந்தா குடு" என்றாள்.

ராய்ஸ் காபியைக் கீழே வைத்தான். "விளையாடறியா?"

"முன்னெல்லாம் வாரத்துக்குப் பதினோரு பிழை சரி பண்ணுவேன். இப்ப நாலு. கூட்டத்துல நீதானே படிச்ச."

"எல்லாருக்குமே கொஞ்சம் குறைஞ்சுதான் இருக்கு."

ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். மீதியை அவனிடம் சொல்லவில்லை. ஃபிரெஸ்னோவில் முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவுக்கு மகளையே அடையாளம் தெரியாது. ஐம்பது வயதில், அலமாரியைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நின்றதில்தான் அம்மாவின் மறதி ஆரம்பித்தது. லோர்னாவுக்கு இப்போது நாற்பத்தெட்டு. பச்சை எழுத்துப் பழைய திரையில் பத்து ஃபைலை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருந்தவள், ஆறு வாரமாக ஒரு ஃபைலைத் திறந்துவிட்டு எதைத் தேடி வந்தோம் என்று விழிக்கிறாள்.

"சரி, வெள்ளிக்கிழமைக்குள்ள டுவேன்கிட்ட ஒப்படைச்சிடு" என்றான் ராய்ஸ், மனசே இல்லாமல்.

ஆறு வாரம் முன்பு எல்லோர் மேஜைக்கும் வந்த புது வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர்களில், திரையில் ஜன்னல் ஜன்னலாகத் திறக்கிறதே, அது டுவேனின் கைவண்ணம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் அடியில் மெல்லிய நிழல் விழுவதற்காக ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவன். குழந்தை பிறந்தவன் போட்டோவைக் காட்டுவதுபோல அந்த நிழலை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவான். கெட்டவன் இல்லை, பெருமை கொஞ்சம் ஜாஸ்தி.

செவ்வாய்க்கிழமை வந்தான். லோர்னா தன் நாற்காலியையே அவனுக்குக் கொடுத்தாள்.

"நீயே ஓட்டு. சர்க்கரை அளவு எங்க தப்பாகுதுன்னு தேடு."

டுவேன் மவுஸை அழுத்தினான். திரையில் குட்டிக் கடிகாரம் வந்து உட்கார்ந்தது. பிறகு ஜன்னலின் சட்டம், பிறகு கோடு கோடாக நிழல், கடைசியில் போனால் போகிறதென்று எழுத்துகள். அங்கிருந்து இன்னொரு ஃபைலுக்குத் தாவினான். மறுபடி கடிகாரம். மேஜையில் தாளம் போட்டான். மூன்றாவது ஃபைலுக்குக் காத்திருக்கும்போது, வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் புதிதாக வந்திருக்கும் பரிட்டோ விற்கிற சாப்பாட்டு வண்டியைப் பற்றிக் கேட்டான். ஃபைல் திறந்தது. தாடையைத் தடவினான்.

"ஆமா, இதை எதுக்குத் திறந்தேன்?"

லோர்னா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சொன்ன?"

"மறந்துபோச்சு. எதையோ பாக்க வந்தேன். இருங்க, இது எப்பவுமே இவ்வளவு மெதுவாவா?"

"உன்னோடது எப்படி?"

"கையை எடுக்கறதுக்குள்ள திறந்துடுமே."

குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தான். அவனுடைய பெட்டியில் இருந்த நினைவகத்தில் கால்வாசிதான் இதில். பெரிய பெட்டிகளை அவன் குழுதான் முதலில் எடுத்துக்கொண்டது. இந்த ஆறு வாரத்தில் அடுத்தவர் மேஜையில் ஒருநாள்கூட அவன் உட்கார்ந்து பார்த்ததில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மறுபடி அழுத்தினான்.

"நாலு விநாடி" என்றான். இன்னொரு முறை அழுத்தினான். "நாலரை. அதுக்குள்ள எதைத் தேடினோம்கறதே மறந்துடுது. ஏங்க என்கிட்ட சொல்லலை?"

"மெஷின்னு நினைக்கலை டுவேன். என் மூளைன்னு நினைச்சேன்."

அம்மாவைப் பற்றியும் சொன்னாள். அந்த அலுவலகத்தில் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. டுவேனின் காது சிவந்துவிட்டது.

"அந்த நிழலைத் தூக்கிடறேன்" என்றான்.

"ஒரு வருஷ உழைப்பு."

"தூக்கிடறேன். அதுவரைக்கும் நீங்க என் மெஷின்ல வேலை பாருங்க, நான் இதுல உக்காந்துக்கறேன். இந்த மாதிரிப் பெட்டி இன்னும் யார்கிட்டல்லாம் இருக்கு?"

லோர்னா எழுந்து நின்று தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே ஸ்டான் ஒகமுரா, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குப் பக்கத்து மேஜைக்காரர், திரையைப் பார்த்தபடி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஸ்டான், ஃபைலை எதுக்குத் திறந்தோம்னு மறந்துபோகுதா உங்களுக்கு?"

ஸ்டான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யார் சொன்னா உனக்கு? ராய்ஸ் காதுல போட்டுடாதே. வியாழக்கிழமை டாக்டரைப் பாக்கப் போறேன்."