யுகுலேலேவுக்குத் தரைத்தளம் கிடையாது

ஏழாம் மாதம் முடிவதற்குள் அவளுக்கும் கிட்டாருக்கும் நடுவில் ஓர் ஆள் வந்துவிட்டது.

அதுவரை எப்படியோ சமாளித்துவந்தாள். கிட்டாரைத் தொடையின் ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தாள். தோள்வாரை நீட்டினாள், கிட்டார் முழங்காலில் போய் இடித்தது. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, அடுத்த வீட்டுக் கிட்டாரைச் சுவர் தாண்டி வாசிப்பவளைப்போலக் கையை நீட்டிப் பார்த்தாள். வாரத்துக்கு வாரம் கம்பிகள் தள்ளித் தள்ளிப் போயின.

போன சனிக்கிழமை, அவர்களுடைய குழு வழக்கமாக வாசிக்கும் ஓட்டலில், ஒரு மெதுவான பாட்டின் நடுவே உள்ளேயிருந்து ஓர் உதை கிட்டாரின் முதுகில் விழுந்தது. மைக் அதைப் பத்திரமாக வாங்கி ஹால் முழுக்க விநியோகித்தது. டொம்! டிரம்ஸ்காரர் இரண்டு குச்சிகளையும் மேலே தூக்கி, "சத்தியமா நான் இல்லைங்க" என்றார். சாப்பிட வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சிரிக்காதவன் அவள் அண்ணன் ஒருவன்தான். பகலில் திரைச்சீலைக் கடை முதலாளி, சனிக்கிழமை மாலையில் கீபோர்டுக்காரன், குழுவுக்குத் தலைவன். வயர்களைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்.

"போதும் பாப்பா. அடுத்த வாரத்துக்கு வேற கிட்டார்காரர்கிட்ட சொல்லியிருக்கேன். நீ வா. முன்வரிசையில நாற்காலி போடச் சொல்றேன். ஜம்முனு உக்காந்து கேளு."

"கேக்குறதுக்கா நான் வாசிக்கக் கத்துக்கிட்டேன்?"

"கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' அவள் செருப்புக்குள் புகுந்த கல்லாக வீடுவரை கூடவே வந்தது. குழுவில் முன்பு பாடிக்கொண்டிருந்தவளுக்கும், அவள் பிள்ளை உண்டானபோது, இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். இப்போது அவள் பிள்ளைகளோடு ஓட்டலுக்குச் சாப்பிட வருகிறாள். ஓரத்து மேசையில் உட்கார்ந்து, பாட்டு வரும்போது உதட்டை மட்டும் அசைக்கிறாள். அவளை யாரும் விரட்டவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அன்பாக, அன்பாக, நாற்காலி நகர்ந்துகொண்டே போய்விட்டது. கோபப்படக்கூட ஆள் கிடைக்காத இழப்பு அது.

மறுநாள் மாலை அவள் கணவன் வேலையிலிருந்து வந்தான். லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ் வாடை, கக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி.

"இந்தா. உன் கிட்டார் உன்னை முந்திக்கிச்சு. நேத்தே பெத்துடுச்சு."

உள்ளே ஒரு யுகுலேலே, நாலே கம்பி வைத்த குட்டிக் கிட்டார். உள்ளங்கையில் வைத்தால் கூச்சப்பட்டுத் திரும்பிக்கொள்ளும் போலிருந்தது.

"இது விளையாட்டுச் சாமான்ங்க."

"இருக்கட்டுமே. ஆறு கம்பியைக் கட்டி மேய்ச்சவளுக்கு நாலு என்ன பெரிய விஷயமா?"

எரிச்சலோடுதான் எடுத்தாள். ஆனால் வயிற்றின் மேல் சாய்த்ததும், தையல்காரர் அளவெடுத்துத் தைத்ததுபோல அது அங்கே பொருந்தி உட்கார்ந்தது. இத்தனை வாரமாக இடைஞ்சலாயிருந்த வயிறு, முதல்முறையாக ஒரு அலமாரித் தட்டாக உதவிக்கு வந்தது. அவளுக்குத் தெரியாமலே முகம் மலர்ந்துவிட்டது. கணவன் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவன்போல டூல்ஸ் பையைத் துடைக்கப் போனான்.

இடது கைக்கு வழி தெரிந்திருந்தது. வம்பு பண்ணியது வலதுகைக் கட்டைவிரல். பள்ளிக்கூட நாளிலிருந்து அதற்கு ஒரே உத்தியோகம்: மேலே இருக்கும் தடித்த கம்பியைத் தட்டி, பாட்டுக்குக் கீழே அடிச்சுரத்தைப் போடுவது. கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடுகிற மாதிரி. இங்கேயும் அது கம்பீரமாகப் போய் மேல்கம்பியைத் தட்டியது. 'கீச்' என்றது கம்பி. மறுபடி தட்டினாள். மறுபடி கீச்.

"என்ன கண்றாவி இது! கீழ போகலாம்னு தட்டினா மேல போகுது!"

"தரைத்தளத்துக்கு அமுக்கினா மொட்டைமாடியில போய்த் திறக்குதா?" என்றான் கணவன், தலையைத் தூக்காமல். "வயரிங் மாறியிருக்கும்."

பெட்டியோடு வந்த தாளைப் படித்தாள். "இல்லைங்க. இதோட சுருதியே அப்படித்தானாம். மேல்கம்பிக்கும் மெல்லிசான சத்தம்தான்."

"அப்போ கட்டடத்துக்குத் தரைத்தளமே கிடையாதா?"

"கிடையாது."

"சரி விடு. மேலயே இருந்துட்டு வா. காத்தாவது வரும்."

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிப்பில் வயிறு குலுங்க, அதன் மேல் யுகுலேலேவும் குலுங்கியது. சிரித்து முடித்தபின்தான் அது ஒரு யோசனையாக உள்ளே இறங்கியது. கிட்டாரில் எல்லோருடைய பாரத்தையும் கீழேயிருந்து தாங்குகிறவள் அவள். தாங்காமல் சும்மா மேலே நின்றால், தான் யாராக இருப்போம் என்று அவள் இதுவரை யோசித்ததே இல்லை.

அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"ஒத்திகைக்கு வரேன்."

"கேக்கவா?"

"வாசிக்க."

"சரி, வா. நல்லா வந்தா பாக்கலாம்."

ஒத்திகை, கடைக்குப் பின்னாலிருந்த துணி அறையில். சுருட்டி நிறுத்திய திரைச்சீலைத் துணிகள் சத்தத்தையெல்லாம் குடித்துவிடும். வெட்டுமேசையில் கீபோர்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் கார்ட்களை, அதாவது டி, ஜி என்று எழுத்துப் பெயர் வைத்த சுரக்கூட்டுகளை, சொல்வது எப்போதும் அவள் வேலை. அவள் சொல்ல, அண்ணன் பிடித்துக்கொள்வான்.

"டி-யில ஆரம்பி" என்றாள். நம்பிக்கையோடு மீட்டினாள்.

ஒரே அறையில் இரண்டு ரேடியோக்கள் இரண்டு நிலையங்களை வைத்துக்கொண்டு சண்டை போட்டதுபோல இருந்தது. டிரம்ஸ்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

"டி-ன்னுதானே சொன்னே?"

"டி-தான். என் கையைப் பாரு."

"கை டி-தான் பாப்பா. சத்தம் ஜி."

உண்மைதான். கிட்டாரில் டி-யாக இருக்கும் விரல்கோலம், இந்தச் சின்ன வாத்தியத்தில் ஜி. தாளில் அதையும் படித்திருந்தாள். மண்டைக்குத் தெரிந்தது நாக்குக்குப் போய்ச் சேரவில்லை. மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி பழைய பெயரையே சொன்னாள்.

"உள்ள இருக்கிற ஜீவனுக்குக் காது கேக்குமாம், பாவம்" என்றார் டிரம்ஸ்காரர்.

அண்ணன் திட்டவில்லை. "இதுக்குத்தான் உக்காந்து கேளுன்னு சொன்னேன்" என்றான், மெதுவாக. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் தன் இடதுகை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் "அம்மா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டபோது, யாருடைய அம்மாவை என்று திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஆள் அதேதான். கூப்பிடுகிற பெயர்தான் வேறு. அந்தப் பெயர் வந்தால் பழைய ஆள் போய்விடுவாள் என்று அவளாகவே முடிவுகட்டி, பயந்து, திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த விரல்களோ பெயர் மாறியதற்காக ஒரு சுரத்தையும் தொலைக்கவில்லை. கையைப் பார்த்துத்தானே தப்பாகச் சொல்கிறாள்? பார்க்காமல் கேட்டுச் சொன்னால் என்ன?

கண்ணை மூடிக்கொண்டாள். "எதாவது ஒரு எழுத்து சொல்லுங்க!"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவன் சமையலறையிலிருந்து கத்தினான். "ஜி!"

மீட்டினாள்.

"சி!... டி!"

அந்த டி-யில் மூன்று விரல்களும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்க வேண்டியிருந்தது.

"சரியா வந்துச்சாங்க?"

"எனக்கு என்ன தெரியும்? நீ சிரிச்சா சரி, முறைச்சா தப்பு. அதை வச்சுத்தானே நம்ம குடும்பமே ஓடுது. இசட்!"

"இசட் எல்லாம் கிடையாதுங்க!"

"நல்ல கம்பெனியா பாத்து வாங்கியிருக்கணும்."

அந்த வாரம் முழுக்க வீட்டில் எழுத்துகள் பறந்தன. குளியலறையிலிருந்து ஒரு எஃப், வாசல் கதவைப் பூட்டும்போது ஒரு ஏ.

சனிக்கிழமை ஓட்டலில் புதுக் கிட்டார்காரர் மேடையில் தயாராக இருந்தார். வழுக்கைத் தலை, சாந்தமான மனிதர். முன்வரிசையில் அவளுக்காகக் குஷன் போட்ட நாற்காலி. அவள் அதைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவன் நாற்காலியை அலாக்காகத் தூக்கி மேடைக்குக் கொண்டுபோனான்.

"வழி விடுங்க மச்சான். லிஃப்ட் மேல போகுது."

"மாப்பிள்ளை, என்ன விளையாட்டு இது?"

"ஒரு பாட்டு அண்ணா" என்றாள் அவள். "தப்பா சொன்னா நானே இறங்கிடறேன். நாற்காலியை எங்க வேணும்னாலும் போட்டுக்கோ."

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். வயிற்றைப் பார்த்தான். கீபோர்டில் கை வைத்தான். "கார்ட் சொல்லு."

அவள் கையைப் பார்க்கவில்லை. "ஜி. அப்புறம் சி. மூணாவது வரியில டி."

மீட்டினாள். எல்லாம் ஒன்றாகப் போய் ஒன்றாக உட்கார்ந்தது. பாட்டுக்குக் கீழே புதுக் கிட்டார்காரர் அடிச்சுரத்தைப் பார்த்துக்கொண்டார். அவள் கட்டைவிரல் வழக்கம்போலத் தரைத்தளத்தைத் தேடிப் போய், மொட்டைமாடியில் திறந்தது. இந்த முறை அவள் அதைத் திட்டவில்லை. அங்கேயே நின்றாள். அந்த மெல்லிய சுரம் பாட்டின் தலைக்கு மேல் பளிச்சென்று தெரிந்தது. இத்தனை வருஷமாகத் தூக்கிப் பிடித்த பாட்டை, மேலே நின்று முதல்முறையாக முழுசாகக் கேட்டாள். அண்ணன் தலை நிமிர்ந்தது. மேல்சுரங்களை வாசிக்கும் வலதுகையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு அவளுக்கு இடம் விட்டான்.

நடுவில் ஒரு உதை. யுகுலேலே துள்ளியது, ஒரு தாளம் தவறியது. தவறிய இடத்தில் டிரம்ஸ்காரர் பெரிய டிரம்மில் ஒரு டொம் போட்டு நிரப்பினார். அவள் மைக்குக்கு நேரே சிரித்துவிட்டாள். ஓரத்து மேசையில் பழைய பாடகி வாய்விட்டே பாடிக்கொண்டிருந்தாள்.

ஒரு பாட்டு என்று ஆரம்பித்தது மாலை முழுக்க ஓடியது. முடிந்ததும் ஓட்டல் ஆட்கள் நாற்காலிகளை அடுக்க வந்தார்கள். ஒருவர் குஷன் நாற்காலியைக் கீழே இறக்கப் போனார்.

"அதை விடுங்க" என்றான் அண்ணன். "அது மேடை நாற்காலி."

வயரைச் சுருட்டிக்கொண்டே அவள் பக்கம் வந்தான். "அப்புறம்..."

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னே, பாத்துக்கோ!"

"அப்புறம், அடுத்த வாரம் என்ன பாட்டுன்னு கேக்க வந்தேன், ஆத்தா!"

அவள் யுகுலேலேவை மறுபடி வயிற்றின் மேல் சாய்த்தாள்.

"சி-யில ஆரம்பிக்கிறதா ஒண்ணு எடு" என்றாள், கையைப் பார்க்காமலே.