உறைந்த மருந்து

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் அடிவயிறு சுரீரென்றது. தொப்புளுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, ஒருநாள் வலப்பக்கம், மறுநாள் இடப்பக்கம் என்று பத்து நாளாக ஏற்றிய ஊசி. குத்திய இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு நூறு விரிப்பு தேய்த்தாக வேண்டும். வயிற்றைக் காட்டி லீவு கேட்டால் நாளைக்கு அந்த மேஜையில் வேறொருத்தி நிற்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள்.

கருமுட்டை வளர்வதற்கான மருந்து அது. கழுத்துச் சங்கிலியை விற்று வாங்கிய பன்னிரண்டு புட்டி. இந்தத் தடவை தவறினால் மகனுக்கு வேறிடம் பார்க்கப்போவதாக மாமியார் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தாள்.

புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்காரவைத்துத்தான் நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஒவ்வொரு தடவையும் புது ஊசி, குத்திய ஊசி மூடியுள்ள கெட்டி டப்பாவுக்குள் போக வேண்டும். மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கலாம், ஃப்ரீசர் பக்கமே போகக்கூடாது, உறைந்த மருந்து செத்த மருந்து, போட்டுக்கொள்ளாமல் எங்களைக் கூப்பிடுங்கள் என்றாள். வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. புருஷன் மீன் குளிர்கிடங்கில் சுமை இறக்குகிறவன். உறைவறைக்குள் வெற்றுடம்போடு போய்வருவதால் அங்கே அவனுக்குப் பனிக்கரடி என்று பட்டப்பெயர். கிடங்கு ஆபீஸ் ஃப்ரிட்ஜில் வைத்துத் தினம் ஒன்று கொண்டுவருகிறேன் என்று அவனே பொறுப்பேற்றான். ஊசியும் அவனேதான் போட்டான். கழுவுவதிலும் துடைப்பதிலும் ஒரு குறை சொல்ல முடியாது.

பத்தாம் நாள் ஸ்கேனில் ஒரு முட்டைகூட வளர்ந்திருக்கவில்லை. மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தபடி ஃப்ரிட்ஜில்தான் என்றான். இவள் உடம்பு மருந்துக்கு இணங்கவில்லை என்று டாக்டர் கோப்பில் எழுதினாள். வாய்ப்பு குறைவு, இனி செய்வதென்றால் மருந்தை இரண்டு மடங்காக்க வேண்டும், அதில் ஆபத்தும் உண்டு என்றாள். ஆட்டோவில் திரும்பும்போது கூட வந்திருந்த மாமியார் டிரைவருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

“களர் நிலத்துல விதைச்சா விதைச்சவன் என்ன பண்ணுவான்? எம்புள்ள கையில கோளாறு இல்ல.”

அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

மீந்த இரண்டு புட்டியையும் கொண்டுவரச் சொல்லி மறுநாள் நர்ஸ் போன் செய்தாள். அதை அப்போதே தூக்கிப் போட்டாச்சு என்றான் அவன். அவளுக்கு மனசு கேட்கவில்லை. சலவைக்கூடத்து வேலை விட்டதும் நேராகக் கிடங்குக்குப் போனாள். அவள் மருந்தைப் பற்றிக் கேட்டதும் கிடங்குக்காரர் உறைவறைக்குள் நுழைந்து, மீன் பெட்டிகளுக்கு இடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார். புட்டிக்குள் மருந்து கல்லாய் இறுகியிருந்தது.

“நர்ஸ் சும்மா பயமுறுத்துறா, குளிர் ஜாஸ்தியா இருந்தா மருந்துக்குப் பலம் ஜாஸ்தின்னு கொண்டாந்து வச்சான் தங்கச்சி. ரெண்டாம் நாளே அட்டையைப் படிச்சுக் காட்டிட்டேன், உறைய விடாதேன்னு போட்டிருக்குடான்னு. வாங்கினது வாங்கியாச்சு, வாயை மூடும்னு எங்கிட்டயே எகிறினான். தினமும் சாயங்காலம் அக்குள்ல வச்சு உருக்கித்தான் கொண்டுபோவான். கரடி முட்டைய அடைகாக்குதுன்னு பசங்க சிரிப்பானுங்க.”

அவள் சிரிக்கவில்லை. இரண்டாம் நாள் என்றால், அதற்குப் பிறகு எட்டு நாளும் தெரிந்தே குத்தியிருக்கிறான்.

வீட்டில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், மாமியார் பரிமாறிக்கொண்டிருந்தாள். புட்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கிடங்கில் கேட்டதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். மாமியார் முதலில் மகனைப் பார்த்தாள். அவன் சோற்றைப் பிசைந்தான்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றாள் மாமியார். “எம்மவன் மேல பழி போடறியா? ஏண்டா, இவ சொல்றது நிஜமா?”

“சாப்பிட விடும்மா,” என்றான்.

மாமியார் கரண்டியோடு அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினான். “உன்னைத்தான் ஏற்கெனவே மலடிங்கறாங்க. அதோட இதுவும் போகட்டுமே. எனக்கு அப்படியா? கிடங்கு பூரா சிரிக்கும்.”

“கிடங்கு முன்னமே சிரிச்சாச்சு,” என்றாள்.

மறுநாள் காலை சலவைக்கூடத்துக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போனாள். நர்ஸ் புட்டியை வாங்கி, நடந்ததைக் கேட்டு டாக்டரிடம் சொல்ல, டாக்டர் கோப்பில் எழுதியிருந்ததை அடித்தாள். உன் உடம்பில் குற்றமில்லை, இந்தத் தடவையைக் கணக்கில் எடுக்கவே முடியாது என்றாள். கோப்பு திருந்திவிட்டது. வீட்டில் மாமியார் பெண் பார்க்கத் தரகரை வரச் சொல்லியிருந்தாள். பெரிய பாயை விரித்துக்கொடுத்தவன் அவன்தான்.

மருந்தைக் கெடுத்தது நான்தான் என்ற ஒரு பேச்சு, பெற்றவள் காதுபட, அவன் அவளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. இன்றுவரை கொடுக்கவில்லை.