கீழ்வரிசை

“சும்மா எவனாவது கதவு செஞ்சு குடுப்பானா?”

ஹுவே கேட்டபோது அவள் கணவன் கியெம் வாத்துகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தான்.

“உங்களத்தான் கேக்குறேன். அப்பாவோட வாய்க்கா ஓரத்து நெலம் என் பங்குக்கு வந்த அன்னிக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவன் அந்த லாம். சொந்தத் தங்கச்சி லியூவோட புருஷன், இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. புது வீட்டுக்குக் குடி போறோம்னதும் பலாமரத்துல ரெட்டைக் கதவு! நெலையும் அவனே வந்து நட்டுட்டுப் போறான்!”

“லியூ சொல்லியிருப்பா, அக்காவுக்குச் செஞ்சு குடுன்னு.”

“அவளா? நாளைக்குக் காலைல வழக்கப்படி புது அடுப்பத் தூக்கிக்கிட்டு நீதான் மொதல்ல உள்ள வரணும்னு கூப்பிட்டேன். ‘பாக்கலாம்’னு சொன்னா. அவ்ளோதான்.”

டேப்பை எடுத்துக்கொண்டு ஹுவே புது வீட்டு வாசலுக்குப் போனாள். சென்டிமீட்டர் எண்களுக்கு அடியில் இரண்டு வரிசையாகக் கட்டங்கள் அச்சிட்ட டேப் அது. சிவப்பு என்றால் நல்லது, கறுப்பு என்றால் கெட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல். அதைப் பார்க்காமல் அந்த ஊரில் யாரும் நிலை நடமாட்டார்கள்.

நிலையின் அகலத்துக்கு டேப்பை இழுத்துப் பிடித்தாள். நூற்று மூன்று. கீழ்வரிசையில் கறுப்பு. அதில் எழுதியிருந்த சொல், மரணம்.

“இங்க வாங்க! சாவுல நட்டுருக்கான் நெலைய!”

கியெம் தவிட்டுக் கையோடு ஓடி வந்தான். குனிந்து பார்த்தான்.

“தச்சனுக்கு இது தெரியாமலா இருக்கும்?”

“தெரிஞ்சுதான் செஞ்சிருக்கான். நெலத்த மறப்பானா அவன்?”

விடிந்தால் குடி போக வேண்டும். கியெம் பருமனான ரீப்பர் சட்டம் ஒன்றை அறுத்து, அகலம் குறையும்படி நிலையின் உள்பக்கம் வைத்து ஆணி அடித்தான். ஹுவே மறுபடி அளந்தாள். கீழ்வரிசை சிவப்புக்கு வந்திருந்தது. கதவைத்தான் இப்போது சாத்த முடியவில்லை. அது நாளைய பாடு என்று விட்டுவிட்டு, லாமுக்கு போன் போட்டாள்.

“வா. நீ நட்ட லட்சணத்த நீயே வந்து பாரு.”

லாம் வந்தான். வண்டியின் பின்னால் என்னவோ சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நிலையைப் பார்த்தான்.

“யாரு இந்த ரீப்பர அடிச்சது?”

“நாங்கதான். சாவ வாசல்ல வச்சுட்டு எங்கள உள்ள போகச் சொல்றியா?”

“சாவா? எங்க, காட்டு அக்கா.”

நூற்று மூன்றுக்குக் கீழே நகத்தை வைத்துக் காட்டினாள். லாம் இப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“இந்த டேப்ப கடைசியா எப்ப எடுத்த?”

“அப்பா சமாதி கட்டுனப்ப.”

“கொத்தனாரு எந்த வரிசையப் பாக்கச் சொன்னாரு?”

“கீழ்...” ஹுவே நிறுத்திக்கொண்டாள்.

“மேல்வரிசை உசுரோட இருக்கறவங்களுக்கு. கீழ்வரிசை செத்தவங்களுக்கு. நீ வாசல அளந்தியாக்கா, இல்ல உனக்குக் குழி அளந்துக்கிட்டியா?”

கியெம் வாத்துகளின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

லாம் மேல்வரிசையைக் காட்டினான். நூற்று மூன்றுக்கு நேரே சிவப்பு: பந்தம். பிறகு ரீப்பரோடு சேர்த்து அளந்து காட்டினான். மேல்வரிசை கறுப்பு: பிரிவு.

“இத நான் அடிக்கல” என்றான்.

ஹுவே டேப்பை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். சாய்த்துப் பிடித்திருப்பானோ? தானே அளந்தாள். பிரிவுதான்.

சுத்தியலை எடுத்து ரீப்பரை அவளே பெயர்த்தாள். ஆணி கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. பலாமர நிலையில் ஆணி ஓட்டைகள் தங்கிவிட்டன. லாம் உதவிக்கு வரவில்லை.

“லியூ காலைல வருவாளா?” அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“அளந்து பாத்துட்டுச் சொல்றேங்க்கா.”

சொல்லிவிட்டு வண்டிக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்தான். உள்ளே புது மண் அடுப்பு. அதை நிலைக்கு வெளியிலேயே இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினான்.

“ஏன் வெளியவே வச்சுட்டுப் போறான்?” என்றாள் ஹுவே.

“உள்ள தூக்கிட்டுப் போறவ நாளைக்குத்தானடி வருவா” என்றான் கியெம்.

ஹுவே இன்னொரு தடவை அளந்தாள். மேல்வரிசை சிவப்பு. டேப்பைச் சுருட்டுவதற்கு முன் கண் கீழ்வரிசைக்கும் ஒருமுறை போய்விட்டு வந்தது.