வியாழக்கிழமை குஸ்தியும் ஒன்றே கால் முழமும்

1964ஆம் வருடம் ஐப்பசி மாதத்திலிருந்து, பாப்பாரப்பட்டி சந்தைத் தெருவில் ஹமீதுன்னிசாவின் வீட்டு மேற்குச் சுவரில் வியாழக்கிழமைதோறும் குஸ்தி தெரிந்தது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் தொடங்கும். பொழுது இறங்கி மஃரிப் பாங்கு கேட்டதும் நின்றுவிடும். படம் ஆறிப்போன டீயின் நிறத்தில், ஆள் உயரத்துக்கு ஆள் இருக்கும். சத்தம் கிடையாது. நாற்புறமும் கயிறு கட்டிய மேடை, மேலே ஒரு விளக்கு, சுற்றிலும் நாற்காலிகளில் சனம், நடுவே ஜட்டி மட்டும் போட்ட இரண்டு பேர். அரிசி விலை ஏறியிருந்த நேரம் என்பதால் இதைப் பற்றி ஊரில் பெரிதாகப் பேச்சு எழவில்லை. ஒரே ஒரு குறைதான் இருந்தது. படத்தின் அடிப்பகுதி தெரியவில்லை. நிற்பவர்கள் முழங்காலுக்கு மேலேதான் தெரிந்தார்கள். விழுந்தால் காணாமல் போனார்கள். குஸ்தி என்பதே மூன்று எண்ணும்வரை யாருடைய முதுகு தரையில் கிடக்கிறது என்பதுதான். அந்த முதுகும் அந்தத் தரையும் மட்டும் தெரியவில்லை. சுவரில் இடம் போதவில்லையோ என்று புகை படிந்த மேல்பகுதிக்கும் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார்கள். விளக்கு தொங்கும் கம்பி கூடுதலாகத் தெரிந்தது, படம் மேலே ஏறவில்லை. மீதிப் படம் தரையில் விழுகிறதோ என்று சுவரோரம் வெள்ளை வேட்டியை விரித்தார்கள், வேட்டி அழுக்கானது. எதிர் வரிசையில் சைக்கிள் கடை வைத்திருந்த சவுரியப்பன் ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து சாய்த்து வைத்தார். அதில் அவர் முகம்தான் தெரிந்தது.

ஹமீதுன்னிசாவின் புருஷன் காஜா, சந்தையில் புளி மூட்டை தூக்கியவன். 1961இல் சந்தைத் தெருவுக்கு ரோடு போட்டு மேடாக்கியதில் மழைத்தண்ணீர் வீடுகளுக்குள் இறங்கியது. தெருவே அவரவர் வீட்டுத் தரையை உயர்த்திக்கொண்டது. காஜாவும் ஏரி மண்ணைத் தலையில் சுமந்து வந்து கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டியாக்கினான். அடுத்த வருடம் தர்மபுரியில் ஒரு குஸ்திக் கம்பெனி கூடாரம் போட்டது. அவர்களிடம் ஜெயிக்க ஆள் இருந்தது, தோற்க ஆள் இல்லை. காஜாவின் உடம்பைப் பார்த்து அந்த வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். விழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சை வாயால் விட வேண்டும். முதுகு படுவதற்கு ஒரு கண்ணிமை முன்னால் இரண்டு கைகளும் தரையை அறைய வேண்டும். விழுகிற பாரத்தில் பாதியைக் கைகள் வாங்கிக்கொண்டால் மீதிதான் முதுகுக்கு வரும். சரியாக விழுந்தால் இரண்டு சத்தம் கேட்கும். ஒரே சத்தம் கேட்டால் தப்பு. நாற்பது நாள் மேற்குச் சுவரோரம் காஜா இப்படி விழுந்து பழகினான். ஹமீதுன்னிசா கேழ்வரகு புடைத்துக்கொண்டே சத்தத்தை எண்ணிச் சொன்னாள். நாற்பதாம் நாள் புதுத் தரையில் அவன் முதுகின் அளவுக்கு ஓர் ஆழமில்லாத குழிவு விழுந்திருந்தது. பிறகு கம்பெனியோடு பம்பாய்க்குப் போனான். ஒரு வருடம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றது. அவள் அந்தக் குழிவில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

சுவரில் மூன்றாவது வாரம் வந்த முகமூடிக்காரன், கயிற்றுக்குள் நுழையும் முன் வலது கையால் பிடரியை இரண்டு தரம் தட்டிக்கொண்டான். மூட்டைக்குக் குனியும் முன் காஜா செய்வது அது. ஹமீதுன்னிசா எழுந்துபோய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். முகமூடிக்காரனைத் தூக்கிப் போட்டார்கள்; அவன் படத்துக்குக் கீழே மறைந்தான். கையில் இரண்டு அதிர்வு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து தெரிந்தான். அவள் தன் நாத்தனார் ஜான் பீயிடம் திரும்பி, உன் தம்பி சௌக்கியம் என்றாள்.

அதன்பின் ஆறு வருடத்துக்கு மேல் ஒரு வியாழக்கிழமையும் அவள் விட்டதில்லை. சேலம் ஜில்லாவைப் பிரித்துத் தர்மபுரியைத் தனி ஜில்லாவாக்கிய வாரத்திலும் ஊர் குஸ்தியைத்தான் பேசியது. பெண்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். ஆண்கள் குனிந்து தலையை நுழைத்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முகமூடிக்காரன் எல்லா வாரமும் தோற்றான். தோற்பவன்தான் வேலைக்காரன் என்பது அவள் கட்சி. தூக்குபவன் ஆளைத் தூக்குவதில்லை, தூக்கப்படுபவன் எம்பிக் கொடுக்கிறான். அறைபவன் கை வலிக்காது, வாங்குபவன் கழுத்தைத் திருப்பிக் கொடுப்பதில்தான் அறையே இருக்கிறது. சவுரியப்பனுக்கு இதில் நம்பிக்கை இல்லை.

“எல்லாம் ஏற்பாடும்மா. யாரு தோக்கறதுன்னு காலையிலயே பேசி முடிச்சிடறாங்க.”

“பேசிக்கிட்டா என்னங்கண்ணே? கல்யாணங்கூட பேசி முடிச்சிதான் பண்றோம். அது பொய்யா? வேணும்னா தெரசாக்காவக் கேட்டுப் பாருங்க.”

சவுரியப்பனின் மனைவி தெரசா உள்ளேயிருந்து, “பொய்யா இருந்தாத் தேவலையே” என்றாள். வாசல் முழுக்கச் சிரித்தது.

வெள்ளை ஜட்டிக்காரன் ஒருவன் இருந்தான். எல்லா வாரமும் ஜெயிப்பவன். அவனை மட்டும் ஹமீதுன்னிசாவுக்கு ஆகாது. “தூக்கறப்ப ஆளைப் பாக்கணும், இவன் சனத்தப் பாக்கறான். எறக்கறப்ப பிடரிக்குக் கை குடுக்கணும். இவன் கை எங்க இருக்குது பாருங்க, மேல கும்பிடு போட்டுக்கிட்டிருக்குது. ஒருநாள் இல்ல ஒருநாள் ஆளைப் போட்டுடுவான்.” ஒவ்வொரு வாரமும் இதையே சொன்னாள். வாசலில் நின்றவர்கள் அவளுக்கு முன்னால் சொல்லிச் சிரிக்கும் அளவுக்கு அது பழகிப்போனது.

1971 மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, வெள்ளை ஜட்டிக்காரன் முகமூடிக்காரனைத் தலைக்கு மேலே தூக்கி, சனத்தைப் பார்த்துக்கொண்டே போட்டான். முகமூடிக்காரன் மறைந்தான். ஹமீதுன்னிசாவின் உள்ளங்கையில் ஒரே ஓர் அதிர்வு வந்தது. அவள் கையை எடுக்காமல் இரண்டாவதற்குக் காத்திருந்தாள். பாங்கு கேட்டது. அடுத்த வாரம் வேறு இரண்டு பேர் ஆடினார்கள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மேடையின் நடுவே வந்தால் மட்டும் எல்லோரும் காலை உயர்த்தி வைத்து எதையோ தாண்டிப் போனார்கள்.

ஜான் பீ நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிவிடலாம் என்றாள். தம்பிக்கு அழுது முடிக்க அவளுக்கு ஒரு நாள் வேண்டியிருந்தது. ஹமீதுன்னிசா ஒப்புக்கொள்ளவில்லை. “வுழுந்ததத்தான் பாத்தோம். எந்திரிக்கலைன்னு யாரு பாத்தா?” என்றாள். பம்பாய்க்கு எழுதிய கடிதங்கள் அந்த விலாசத்தில் ஆளில்லை என்று திரும்பி வந்தன. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டார்கள். கண்ணால் கண்டவர் யாராவது சொல்ல வேண்டும் என்றார். கண்டவர்கள் தெருவில் முப்பது பேர் இருந்தார்கள், ஆனால் முழங்காலுக்கு மேலேதான் கண்டிருந்தார்கள். அவள் கழுத்தில் நிக்காஹ் அன்று கட்டிய கருகமணி இருந்தது. அதைப் போட்டிருப்பதா கழற்றுவதா என்று தெரியாமல் மூன்று வருடம் அதை முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டாள். ஜான் பீயும் அவளும் ஒரே அடுப்பில் சமைத்துத் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

1974இல் ரம்ஜானுக்கு முன்னால் சுண்ணாம்பு அடிக்க மாயவன் என்ற கொத்தனார் வந்தார். அதியமான்கோட்டைக்காரர், தெருவுக்குப் புதியவர். உள்ளே நுழையும்போது நெற்றியை இடித்துக்கொண்டார். நெற்றியைத் தேய்த்தபடி நிலைப்படியை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏம்மா, இந்தத் தெருவுல எல்லாருமே குனிஞ்சிதான் வூட்டுக்குள்ள போவீங்களா?”

“ஆமாங்க. நெலை குட்டை.”

“நெலை குட்டை இல்லீங்க. எவனும் மார் உசரத்துக்கு நெலை வெக்க மாட்டான். தரைதான் ஏறியிருக்குது. இந்தச் சொவரு இன்னும் ஒன்னேகால் மொழம் கீழ எறங்கும்.”

பத்து வருடமாகத் தெருவே அந்த வாசலில் குனிந்து நின்று, மீதிப் படம் எங்கே போயிற்று என்று தேடியிருக்கிறது. ஹமீதுன்னிசா சுவரோரம் போய், முதுகு அளவுக் குழிவில் மதியம் முழுக்கப் படுத்திருந்தாள். தோண்டினால் அது போய்விடும். காஜா அந்த வீட்டில் வைத்துவிட்டுப் போனது அது ஒன்றுதான். வெயில் சாயும்போது எழுந்து, பாயைச் சுருட்டி ஜான் பீயிடம் கொடுத்துவிட்டு, “தோண்டுங்க” என்றாள்.

காஜா இடித்த மண் கடப்பாரைக்கே கஷ்டப்பட்டுத்தான் இளகியது. சுவரோரம் ஆள் நீளத்துக்கு, ஒன்றே கால் முழ ஆழத்தில் பள்ளம் எடுத்து, வெளிப்பட்ட பழைய சுவருக்கு மாயவன் இரண்டு கை சுண்ணாம்பு அடித்தார். புதன்கிழமை காய்ந்தது. வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு படம் அடிவரைக்கும் தெரிந்தது. மேடையின் நடுவே காஜா மல்லாந்து கிடந்தான். யாரோ முகமூடியைக் கழற்றித் தலைக்குக் கீழே மடித்து வைத்திருந்தார்கள். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கவில்லை. ஒரு கை விரிந்திருந்தது, இன்னொன்று உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. குஸ்திக்காரர்கள் அவன்மேல் மிதிக்காமல், மூன்று வருடமாகச் செய்தது போலவே, தாண்டித் தாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஹமீதுன்னிசா பள்ளத்தில் இறங்கி அவன் முகத்தைத் தொட்டாள். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. “ஒரு கைதான் அறஞ்சிருக்குது” என்று ஜான் பீயிடம் சொன்னாள். பிறகு கருகமணியைக் கழற்றினாள். ஜான் பீ அவளைக் கட்டிக்கொண்டு, மூன்று வருடத்து அழுகையை அழுதாள்.

ஹஜ்ரத் வந்து, குனிந்து உள்ளே நுழைந்து, பார்த்தார். எடுத்துப் போக முடியாத உடலுக்குக் கிடக்கிற இடமே கபர் என்றார். பாங்குக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. சுவர் தொழும் திசையான மேற்கில் இருந்ததால் ஜனாஸா தொழுகைக்கு எதையும் திருப்பி வைக்க வேண்டியிருக்கவில்லை. தொழுது முடித்து, ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். சவுரியப்பனும் மூன்று பிடி போட்டார். கூடையில் மண் அள்ளிக் கொடுத்தவரும் அவர்தான். அன்றைக்கு அவர் எதையும் பொய் என்று சொல்லவில்லை. மாயவன் அதே திமிசுக்கட்டையால் பழையபடி கெட்டியாக இடித்தார். எடுத்த மண் அத்தனையும் போட்டு, பள்ளம் நிரம்பிய பிறகும் ஆறு கூடை மண் மிஞ்சியது. ஓர் ஆள் அளவுக்கு அவ்வளவுதான் மிஞ்சும் என்றார் மாயவன். அதைச் சுவரோரம் மேடாகக் குவித்துத் தண்ணீர் தெளித்தார்கள். ஹமீதுன்னிசா புருஷனை இழந்தவளாக நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தாள். அது முடிந்த வாரத்திலிருந்து ஆண்கள் மறுபடியும் வாசலில் குனிந்து நின்று குஸ்தி பார்த்தார்கள். யாரும் எதையும் தாண்டிப் போகவில்லை, நேராக நடந்தார்கள். மேட்டுக்கு மேலே சுவர் போதுமான அளவுக்கு இருந்தது.