முந்நூற்று நாற்பதாவது வரி

போலகத்தில் அந்த வாய்க்காலை நம்பி அறுபத்திரண்டு வயல்கள். எந்த வயலுக்கு முதலில் தண்ணீர், எதற்கு அடுத்து என்று வருஷா வருஷம் முறை சொல்வது ஒரு கம்ப்யூட்டர். 1992-ல் வாங்கிய கம்ப்யூட்டர். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதற்கு முந்தைய வருஷம் முறைத் தகராறில் மண்வெட்டிக் காம்பால் இரண்டு மண்டை உடைந்தது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

அந்தப் பெட்டியை வாங்கி வந்தவர் கணக்கு வாத்தியார் சிதம்பரநாதன். அவரே உட்கார்ந்து புரோகிராம் எழுதினார். வருஷத்தை அடித்தால் போதும், அறுபத்திரண்டு வயலையும் கலைத்துப் போட்டு ஒரு பட்டியல் வரும். போன வருஷம் முதலில் நின்றவன் இந்த வருஷம் நாற்பதாவது நிற்பான். அதைப் பிள்ளையார் கோயில் வாசலில் வைத்து உரக்க வாசிப்பார்கள். அதன்பிறகு போலகத்தில் மண்வெட்டி மண்ணை வெட்ட மட்டும்தான் பயன்பட்டது.

வாத்தியார் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அந்த வேலை அவர் மகன் முருகானந்தத்தின் தலையில். நாற்பத்தாறு வயசு, திருமலைராயன்பட்டினத்தில் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா, மிச்ச நேரத்துக்கு விவசாயி. கம்ப்யூட்டரில் அவனுக்குத் தெரிந்தது மூன்றே காரியம். சுவிட்சைப் போடுவான், பிளாப்பியைச் செருகி வருஷத்தை அடிப்பான், பிரிண்டர் கீச்கீச்சென்று கத்தி முடித்ததும் காகிதத்தைக் கிழிப்பான். நாலாவதாக ஒன்று கேட்டால் முழிப்பான்.

அந்தப் பெட்டியின் மேல் அவனுக்குத் தீராத மனத்தாங்கல் ஒன்று உண்டு. அவர்களுடைய வயல் நாற்பத்தேழாம் எண். முப்பத்து மூன்று வருஷமும் அதுதான் பட்டியலில் கடைசி. ஒரே வரப்பைப் பங்குபோடும் நாற்பத்தாறாம் வயல் இரண்டு தடவை முதலாவதாகக்கூட வந்துவிட்டது. நாற்பத்தேழு மட்டும் கடைசியை விட்டு அசைந்ததே இல்லை. அந்தப் பக்கம் போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான் வரும், அதனால் வாய்க்காலை விட்டால் வேறு கதி கிடையாது. முறை சுற்றி முடிவதற்குள் வாய்க்கால் வற்றிவிட்டால், மிஞ்சியவன் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். இரண்டு தடவை பயிர் நின்ற நிலையிலேயே வைக்கோலாகிவிட்டது. அப்பாவிடம் ஒருமுறை சண்டைக்கே போனான். “மெஷின் சொன்னா சொன்னதுதான்டா” என்று சொல்லிவிட்டு அவர் கால் கழுவப் போய்விட்டார். பெட்டிக்குத் தங்கள் குடும்பத்தின் மேல் ஏதோ காட்டம் என்று அவனும் முடிவு கட்டிக்கொண்டான்.

இந்த வருஷம் மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்த அன்று பிளாப்பியைச் செருகினான். படிக்க முடியவில்லை என்றது பெட்டி. நிறுத்தவா, மறுபடி பார்க்கவா, போனால் போகட்டும் என்று விடவா என்று மூன்று கேள்வி வேறு கேட்டது. பத்துத் தடவை மறுபடி பார்த்தும் பலனில்லை.

காரணம் அவன் மனைவி கீர்த்திகாவிடம் இருந்தது. போன ஆயுதபூஜைக்கு வீட்டில் இருந்த சைக்கிள், அரிவாள், மிக்ஸி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறாள். மேசை மேல் உறையில்லாமல் கிடந்த பிளாப்பிக்கும் மூன்று பொட்டு. அதில் ஒன்று, உள்ளே இருக்கும் பழுப்புத் தகடு வெளியே தெரிகிற இடைவெளியில் சரியாக விழுந்துவிட்டது. மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தும் வைத்திருக்கிறாள். சாமி காரியம், கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

நகல் ஒன்று உண்டு. பாசனச் சங்கச் செயலாளர் கருப்பையனிடம் அப்பா எப்போதோ கொடுத்தது. “பத்திரமா ஃபைல்ல இருக்கு” என்று எடுத்து வந்தார். பத்திரமாகத்தான் இருந்தது. பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டு, நாடா கோத்து, கடிதங்களோடு கடிதமாகக் கட்டி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பட்டியல் வாசிக்க வேண்டும். இல்லையென்றால் சீட்டுக் குலுக்கலாம் என்று ஒரு தெரு சொன்னது. யார் குலுக்குவது, யார் எடுப்பது என்று இன்னொரு தெரு எகிறியது. கூடவே ஒரு பேச்சும் கிளம்பியது. கடைசி வயல்காரன்தானே, அவனே கெடுத்திருப்பான். இது காதில் விழுந்தபோது முருகானந்தத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாதி பொய் என்பதால் அல்ல, பாதி உண்மை என்பதால். பிளாப்பி ஓடவில்லை என்று தெரிந்த அந்த முதல் நொடியில் அவன் மனசு சந்தோஷப்பட்டது. விட்டது சனியன் என்று நினைத்தான். இதை அவன் கீர்த்திகாவிடம்கூடச் சொல்லவில்லை. பட்டியல் வராவிட்டால் மண்டை உடையும், பழி அவன் மேல் நிற்கும், அந்தப் பழியைத் தன் மனசுக்குள்ளேயே மறுக்க அவனால் முடியாது.

பட்டினத்தில் லோகாம்பாள் டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார், பழைய கம்ப்யூட்டர் எல்லாம் வைத்து ஓட்டுகிறார் என்று அவன் ஆபீசில் யாரோ சொன்னார்கள். புதன்கிழமை காலை லீவு போட்டுவிட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகை உறைக்குள் பிளாப்பியை வைத்துக்கொண்டு போனான்.

ஓட்டை உடைசல்களை எதிர்பார்த்துப் போனவன் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டான். மூன்று சுவரையும் ஒட்டி முப்பத்தொரு கம்ப்யூட்டர்கள். ஒன்றின் மேலும் தூசி இல்லை. சில திரைகளில் பச்சை எழுத்து, சிலவற்றில் ஆரஞ்சு. டீச்சருக்கு ஐம்பத்தெட்டு வயசு இருக்கும். தொண்ணூறுகளில் காரைக்காலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்தவராம். அதை மூடியபோது மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போடப்போனார்கள், மனசு கேட்காமல் எல்லாவற்றையும் வண்டி வைத்து ஏற்றி வந்துவிட்டார். பிறகு ஊரில் யார் தூக்கிப்போட்டாலும் இங்கே வந்து சேர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், எதுவும் சும்மா இல்லை. ஒன்றில் கடிதம் எழுதினார். ஒன்றில் கோயில் திருவிழா நோட்டீஸ். இன்னொன்றோடு சாப்பாட்டுக்குப் பிறகு சதுரங்கம். நாற்பது வருஷத்து மெஷின், நேற்றுத் தன்னைத் தோற்கடித்துவிட்டது என்றார். கடல்காற்றில் ஆணிகூடத் துருப்பிடிக்கிற ஊரில் இவை எப்படி உயிரோடு இருக்கின்றன என்று கேட்டான். தினமும் நாலைந்து பேரைத் திறந்து துடைத்து ஓடவிடுவதாகச் சொன்னார். ஓடிக்கொண்டிருந்தால் கெடாதாம், ஓய்வு கொடுத்தால்தான் கெடுமாம். அவன் வீட்டுப் பெட்டியின் தம்பி ஒன்று ஓரத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும், சொந்த ஊர்க்காரனை வெளியூரில் பார்த்த மாதிரி இருந்தது அவனுக்கு.

டீச்சர் பிளாப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சந்தனமா என்று கேட்டார். ஆமாம் என்றான். சிரிக்கவில்லை. பிளேடால் அதன் ஒரு ஓரத்தைக் கீறினார். உள்ளே கையை விட்டுப் பழுப்புத் தகட்டை உருவினார். அப்பளத்தைவிட மெல்லிசு. போச்சு, ஒரேயடியாகப் போச்சு என்று நினைத்தான் முருகானந்தம்.

அதை அவர் குழாயடிக்குக் கொண்டுபோய், பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரில் ஒரு சொட்டு குழந்தை சோப்பு விட்டு, ஒற்றை விரல் நுனியால் கழுவினார். கம்ப்யூட்டரின் ஞாபகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவலாம் என்று அன்றுவரை யாராவது சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான். குங்குமச் சிவப்பு தண்ணீரில் கரைந்து போயிற்று. தகட்டைப் பருத்தித் துணி மேல் வைத்து உலர்த்தி, வேறொரு பிளாப்பியின் வெறும் உறைக்குள் செருகினார்.

முதல் மெஷின் கரகரவென்று தேடிவிட்டுக் கைவிரித்தது. இரண்டாவதும் அப்படியே. டீச்சர் அலட்டிக்கொள்ளாமல் மூன்றாவதன் முன் போய் உட்கார்ந்தார். இருக்கிறதிலேயே வயசானது அதுதான். “இவரு கொஞ்சம் மெதுவு. ஆனா விடமாட்டாரு” என்றார். அது கரகரத்தது, நின்றது, யோசித்தது, மறுபடி கரகரத்தது. ஏழெட்டு நிமிஷம் அப்படியே போயிற்று.

திரையில் ஒரு பெயர் விழுந்தது. பக்கத்தில் கடைசியாகச் சேமித்த தேதி: 1992 ஜூலை. அப்போது முருகானந்தத்துக்குப் பதின்மூன்று வயசு.

முதல் காரியமாக டீச்சர் இரண்டு நகல் எடுத்தார். பிறகு, நடுவில் ஏதாவது வரி அழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி முழுப் புரோகிராமையும் திரையில் ஓடவிட்டார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எண். பத்து, இருபது, முப்பது என்று பச்சையில் இறங்கி வந்தன. பன்னிரண்டு வருஷமாகப் பிளாப்பியைச் செருகுகிறான், அதற்குள் இருப்பதை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்பாவின் கையெழுத்து அவனுக்குத் தெரியும். அப்பா யோசித்த விதம் இப்படி வரி வரியாக இருக்கும் என்று தெரியாது. ஒன்றும் புரியவில்லைதான், ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

டீச்சர் வாசித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார்.

“தம்பி, உங்க வயல் நம்பர் என்ன?”

“நாப்பத்தேழு, டீச்சர்.”

டீச்சர் திரையில் விரலை வைத்தார். முந்நூற்று நாற்பதாவது வரி. “எல்லாத்தையும் கலைச்சுப் போட்டப்புறம் இந்த வரி வருது. வயல் நம்பர் நாப்பத்தேழா இருந்தா, எங்க இருந்தாலும் அதைத் தூக்கிக் கடைசியில போடுன்னு எழுதியிருக்காங்க.”

முருகானந்தத்துக்கு முதலில் வந்தது கோபம்தான். மெஷின் சொல்லவில்லை. அப்பா சொல்லியிருக்கிறார். காய்ந்த இரண்டு போகமும், தண்ணீர் வருமா வருமா என்று மடையில் குந்திக் கிடந்த அத்தனை நாளும் அப்பா தெரிந்தே செய்தது. கேட்டபோது கால் கழுவப் போனாரே, அந்த முதுகை இப்போது உலுக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்தது 350 இல்லை. நடுவில் 345, 346 என்று இரண்டு வரிகள் இருந்தன. இவை மெஷினுக்கு எழுதியது இல்லை, மெஷின் இதைத் தாண்டிப் போய்விடும், படிக்கிற ஆளுக்காக எழுதுகிற குறிப்பு என்றார் டீச்சர். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். அதை முருகானந்தமே படித்தான்.

345: பட்டியல் போடுகிறவன் கடைசி. அப்போதுதான் நம்புவார்கள்.

346: எனக்குப் பிறகு முருகு இந்த வரியை எடுத்துவிடலாம்.

இரண்டாம் தடவை படிக்கும்போது எழுத்து கலங்கிவிட்டது. அவன் துடைத்துக்கொள்ளவும் இல்லை. பதின்மூன்று வயசுப் பையனாக அவன் பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்த நாளில், அப்பா அவனுக்கு விடுதலை எழுதி வைத்திருக்கிறார். பன்னிரண்டு வருஷமாக அது அவன் கையிலேயே இருந்திருக்கிறது. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன என்று நினைத்தான். சொல்லியிருந்தால் அடுத்த வருஷமே தான் எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டிருப்போம் என்பதும் உடனே விளங்கியது.

“எடுக்கறது சுலபம்” என்றார் டீச்சர், நாற்காலியை விட்டு எழுந்து அவனை உட்காரச் சொல்லிக்கொண்டே. “வரி நம்பரை மட்டும் அடிச்சு எண்டரைத் தட்டுனா, அந்த வரி போயிடும். உங்க அப்பாவே சொல்லிட்டாங்க. இதுல தப்பு ஒண்ணும் இல்ல, தம்பி.”

அவன் உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமை பட்டியலை வாசிக்கும்போது தன் பெயர் இருபதாவதாக வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். நினைக்கவே ஆசையாக இருந்தது. ஒற்றை விரலால் மூன்றை அடித்தான். நான்கை அடித்தான்.

கோயில் வாசல் கண்ணுக்குள் வந்தது. வருஷா வருஷம் அவன் வாசிப்பான், சனம் உட்கார்ந்து கேட்கும். கடைசிப் பெயராக அவன் தன் பெயரையே வாசித்ததும் ஒருவரும் ஒன்றும் கேட்காமல் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போவார்கள். கேலியாகப் போகிறார்கள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். அவர்கள் அந்தக் கடைசிப் பெயருக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அது விழுந்த பிறகுதான் எழுந்தார்கள். ஊர் நம்பியது பெட்டியை இல்லை. அறுபத்தொரு பேருக்கும் தெரிந்த சங்கதி தனக்கு மட்டும் தெரியாமல் போயிற்றே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. அப்பா என்று இப்படி ஒரு மனுஷன் தன் வீட்டில் தன்னோடு உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார் என்று நினைக்க உடம்பு சிலிர்த்தது.

டீச்சர் காத்திருந்தார்.

மூன்றும் நான்கும் திரையில் நின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் பூஜ்யத்தை அடிக்கப் போன விரலை அவன் நகர்த்தி, ஆறை அடித்தான். எண்டரைத் தட்டினான்.

டீச்சர் குனிந்து மறுபடி புரோகிராமை ஓடவிட்டார். 340 இருந்தது. 345 இருந்தது. அதற்கடுத்து 346 இல்லை, நேரே 350.

“சேவ் பண்ணிடட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“பண்ணிடுங்க, டீச்சர்” என்றான் முருகானந்தம்.