கை படாத கடல்

கடல் தொகுதியில் ஒரே ஒரு அட்டைதான் குறை. அது கிடைக்கும்வரை சாக மாட்டேன் என்று லென்ஸ் சொல்வார். அவர் உயிரோடு இருக்க வேறு காரணம் அவர் மனைவிக்கும் தென்பட்டதில்லை.

பாட்டில் தொழிற்சாலையில் அவர் தர ஆய்வாளர். வரிசையாக நகர்ந்து வரும் பாட்டில்களில் மயிரிழை விரிசலைக்கூடப் பிடித்துவிடுவார். பட்டப்பெயர் அப்படி வந்தது. வீட்டிலும் அதே கண்தான். ஒரு சீட்டு விளையாட்டுக்குக் கூடுதல் தொகுதியாக வந்து, அச்சு நின்று பல காலமான கடல் அட்டைகளை உறையிலிட்டு, கோப்புகளில் செருகி, இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். சாவி சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னால். அந்த இடம் தனக்கு மட்டுமே தெரியும் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

அவற்றை வைத்து ஓர் ஆட்டம்கூட அவர் ஆடியதில்லை. ஆடினால் அழுக்காகும். விடுமுறை நாட்களில் கையுறை மாட்டிக்கொண்டு, உருப்பெருக்கியால் ஒவ்வொன்றாகப் பார்த்து, மனிதக் கை படவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி பூட்டுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஆக்டோபஸ். அதன் ஒரு காலில் மங்கலான மஞ்சள் புள்ளி. வேறு யாருடைய ஆக்டோபஸிலும் அது இல்லை. அரிய அச்சுப்பிழை என்று லென்ஸ்தான் கண்டுபிடித்தார். சேகரிப்பாளர்களின் இதழில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி, படித்தவர்கள் வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டிக்கொண்டார்.

இல்லாத அட்டை கிழட்டுத் திமிங்கிலம். இதே அட்டைகளைச் சேர்க்கும் ஒரு பல் டாக்டரிடம் அது இரண்டு இருந்தது. விலைக்குத் தர மாட்டாராம். ஆடி ஜெயித்தால் திமிங்கிலம் லென்ஸுக்கு, தோற்றால் ஆக்டோபஸ் டாக்டருக்கு. அசல் அட்டைகளோடு வரவேண்டும், உறையும் கையுறையும் கூடாது.

லென்ஸ் விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தார். அது புரிய வேண்டியதில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

நோயாளிகள் வராத ஒரு விடுமுறை நாளில், டாக்டரின் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் ஆட்டம் நடந்தது. கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மனைவியும் போனாள். ஆளுக்கு மூன்று படகு. எதிராளியின் படகுகளை முதலில் மூழ்கடிப்பவருக்கு வெற்றி. உறையிலிருந்து ஒவ்வோர் அட்டையையும் லென்ஸ் உருவியது, மயக்க ஊசி போடாமல் பல் பிடுங்குவது போலிருந்தது. முதல் புயல் அட்டையைத் தன் படகின் மேலேயே ஏவினார். இரண்டாவது படகை டாக்டர் கவனித்துக்கொண்டார். மிச்சம் ஒன்று. லென்ஸ் பதற்றத்தில் ஆக்டோபஸை உருவினார்.

"அத இப்ப போடாதீங்க," என்றாள் மனைவி. "சுழல் அட்டை வரட்டும்."

டாக்டர் நிமிர்ந்தார். "உங்களுக்கு ஆடத் தெரியுமாம்மா?"

"ஏதோ கொஞ்சம்."

ஜெயித்தது போலத்தான் என்ற தெம்பில், அவளே ஆடட்டும் என்று டாக்டர் பெருந்தன்மை காட்டினார். படகு மூழ்கினால் சீட்டுக்கட்டைக் கலைக்க வேண்டும். அவள் இரண்டாகப் பிரித்து, சர்ரென்று ஒன்றுக்குள் ஒன்றை இறக்கினாள். லென்ஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவள் எந்த அட்டையையும் நின்று படிக்கவில்லை. டாக்டரின் படகுகள் இரண்டு அடுத்தடுத்து மூழ்கின. சுழல் வந்தது. ஆக்டோபஸ் டாக்டரின் கடைசிப் படகை இழுத்துக்கொண்டு போனது.

திமிங்கிலத்தை வாங்கிக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள். பாதி வழியில் லென்ஸ் அவள் பக்கம் திரும்பினார்.

"எங்க கத்துக்கிட்ட?"

அவள் கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிப்பவள். "ஆபீஸ்லதான். மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டே நாலு பேரு ஆடுவோம்."

"யாரோட அட்டைல?"

அவள் கோப்புகளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அவர் படியிலேயே நின்றுவிட்டார். "அந்த மஞ்சள் புள்ளி..."

"எண்ணெய்ங்க. தொடச்சுப் பாத்தேன், போகல."

மேலே கைப்பிடியில் சாய்ந்து டாக்டர் கூப்பிட்டார். இரண்டாவது திமிங்கிலத்தையும், புள்ளியில்லாத தன் ஆக்டோபஸையும் சேர்த்தே தருகிறாராம். பதிலுக்கு லென்ஸ் அந்த மஞ்சள் புள்ளி ஆக்டோபஸை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

லென்ஸ் நிமிர்ந்தார். தொழிற்சாலையில் ஒரு பாட்டிலுக்கு ஒப்புதல் தரும்போது வரும் முகம் வந்தது.

"மன்னிக்கணும் சார். உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கு."

"ரெண்டு," என்றாள் மனைவி அவர் காதோரம். "நண்டு அட்டைய நீங்க இன்னும் சரியாப் பாக்கல."