நான்கு வாய் வைத்த கார்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஜெஸ்லியா சொல்வாள். என் மனைவி, சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலை என் இடத்தில் யார் நின்றிருந்தாலும் கோபம் வந்திருக்கும். நான் கராஜுக்குள் நுழைந்தபோது முபீன் எனக்கு முன்னமே வந்து, எங்கள் ஸ்பனர்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

தாராபுரம் றோட்டில் இந்தக் கராஜை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் தொடங்கினோம். போட் எஞ்சின், ஓட்டோ, உழவு மெஷின் என்று எது வந்தாலும் பார்ப்போம். வெள்ளி மத்தியானம் அவன் ஜும்மாவுக்குப் போனால் நான் நிற்பேன், ஞாயிறு காலை நான் சேர்ச்சுக்குப் பூசைக்குப் போனால் அவன் நிற்பான். எந்த ஸ்பனர் யாருடையது என்று அன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"என்னடா செய்யிறாய்?" என்றேன்.

"என்ட சாமான எடுத்து வைக்கிறன்." அவன் நிமிரவில்லை. "நாளைக்கு டொக்டர் வந்து காரைப் பாத்திட்டு மூஞ்சையச் சுழிச்சாரெண்டா, நான் சிலாவத்துறைக்கே போறன். தங்கச்சிட மாப்பிள்ளைட கராஜில இடமிருக்கு."

டொக்டர் என்றது றெனால்டை. வவுனியாவில் பல் பிடுங்குகிறவர், மலை றோட்டுக் கார்ப் போட்டி என்றால் உயிரை விடுவார். அவருடைய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்தான் எங்களுக்கு நடுவில் வந்து நின்ற வினை. சாதாரணக் கார் ஒரே வாயால்தான் காற்றை இழுக்கும். டொக்டருக்கு அது போதாது. எஞ்சினில் நான்கு சிலிண்டர் இருந்தால் நான்குக்கும் காற்றைத் திறந்து மூடுகிற தனித்தனி த்ரொட்டில், தனித்தனி வாய் வேண்டுமாம். மிதித்தவுடன் பாயுமாம்.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். அலுமினியம் வெட்டி, வெல்டிங்கில் ஒட்டி, நான்கு த்ரொட்டிலையும் எஞ்சினில் பூட்டியது நான். லப்டொப்பை வைத்துப் பெற்றோல் அளவைச் சரிசெய்தது முபீன். பிறகு நான்கு வாயும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதற்கென்று ஒரு மீற்றர் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு வாயிலும் அதை வைத்தால் முள் எழும்பிக் காட்டும். கூடக் காட்டினால் அந்த த்ரொட்டிலின் திருகைக் கொஞ்சம் மூட வேண்டும், குறைந்தால் திறக்க வேண்டும்.

நான்கிலும் முள் ஒரே இடத்தில் நின்றது. ஆனால் எஞ்சினோ குளிர்க்காய்ச்சல் பிடித்தது மாதிரி நடுங்கியது. மிதித்தால் பாய்ந்தது, காலை எடுத்தால் குலுங்கிக் குலுங்கி நின்றது.

மீற்றர் சரி, எஞ்சின் பிழை என்றால் காரணம் இரண்டுதான். ஒன்று, என் ஒட்டில் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்து திருட்டுக் காற்று உள்ளே போகிறது. இல்லாவிட்டால் முபீனின் பெற்றோல் கணக்குப் பிழை. முதல் நாள் சிரித்துக்கொண்டுதான் ஒருவரையொருவர் குற்றம் சொன்னோம். அடுத்த நாள் சிரிப்பு இல்லை. ஒட்டிய பாகத்தைக் கழற்றி, காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

"சூடானாத்தான் ஓட்டை விரியும். அப்பதான் காட்டும்," என்றான் அவன்.

"லப்டொப்பில படம் பாக்கிறவனெல்லாம் எனக்கு வெல்டிங் படிப்பிக்க வாறான்," என்றேன் நான்.

சொன்னவுடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அன்று மத்தியானம் அவன் சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமர நிழலுக்குப் போய்விட்டான். அவன் வீட்டு மீன் குழம்பில் எனக்குப் பங்கில்லாத முதல் நாள் அது.

"ஒரு காருக்காக ஆளையாள் விட்டிடுவியளோ?" என்று அன்றிரவு ஜெஸ்லியா கேட்டாள். அவளிடமும் எரிந்து விழுந்தேன். உண்மையில் எனக்குப் பயம். ஒட்டில் ஓட்டை இருந்தால் பிழை என்னுடையது, அவனோ என் பிழைக்காகக் கராஜை விட்டுப் போனாலும் போவான்.

ஸ்பனர்களைப் பிரித்த அந்த வெள்ளி மத்தியானம், ஜும்மா முடிந்து அவன் நேரே காரிடம் வந்தான்.

"கடைசியா ஒருக்காப் பாப்பம்," என்றான்.

ஸ்டார்ட் பண்ணினோம். நான்கு வாயிலும் மீற்றரை வைத்துப் பார்த்து, திரும்ப முதல் வாயில் வைத்தான். எல்லாம் சமன். எஞ்சின் வழக்கம்போல் நடுங்கி, குலுங்கி, நின்றுவிட்டது.

"உன்ட கொம்பியூட்டரைத் தூக்கிக் கடலில போடு!"

"நீ முதல்ல உன்ட ஒட்டை வெட்டிப் போடு!"

மீற்றர் முதல் வாயிலேயே இருந்தது. அதைப் பிடுங்கி எறிவதற்குத்தான் கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. முள் எழும்பி நின்று மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"முபீன்."

"என்ன?"

"எஞ்சின் நிண்டிட்டுதெல்லோ?"

"நிண்டிட்டுது. உனக்குக் காதும் போச்சோ?"

"அப்ப இந்த முள்ளு என்னத்தைக் காட்டுது?"

அவன் குனிந்து பார்த்தான். பிறகு இருவரும் ஒன்றாகத் திரும்பி வாசலைப் பார்த்தோம். ரோலர் கதவு முழுக்கத் திறந்திருந்தது. றோட்டுக்கு அப்பால் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று நேரே உள்ளே வந்து, திறந்திருந்த பொனட்டுக்குள் புகுந்துகொண்டிருந்தது.

சோற்றுக் கோப்பையில் மண் விழாமல் கையால் மறைத்துச் சாப்பிடுகிற ஊர் எங்களுடையது. கதவு ஏன் அடிக்கிறது, உடுத்த சாறம் ஏன் பறக்கிறது என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை. அதுவரை வந்த வாகனங்களுக்கெல்லாம் காற்று வாயை ஃபில்டர் பெட்டி மூடியிருந்தது, காற்றால் தொல்லையில்லை. இதுதான் வாயைத் திறந்துகொண்டு வந்த முதல் கார். அதன் மூக்கு வாசல் பக்கம் இருந்ததால் முதல் வாயில் வைத்த மீற்றருக்குத்தான் காற்று நன்றாக அடித்தது. முள் கூடக் காட்டுகிறது என்று நாங்கள் அந்தத் திருகை மூடிக்கொண்டே வந்திருக்கிறோம். பாவம், அந்தச் சிலிண்டர் மூச்சுக்குத் தவித்திருக்கிறது.

"யா அல்லாஹ்," என்றான் முபீன்.

ரோலர் கதவை இழுத்து மூடினோம். பின்பக்க ஜன்னலால் ஒரு குழாயை வைத்துப் புகையை வெளியே விட்டோம். உள்ளே அடுப்புக்குள் நிற்கிற மாதிரி வெக்கை. திரும்ப ஸ்டார்ட் பண்ணி மீற்றரை வைத்தால் முதல் வாயில் முள் படுத்துக் கிடந்தது. முபீன் அந்தத் திருகை மெல்ல மெல்லத் திறந்தான். நடுக்கம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் திறந்தான். எஞ்சின் ஒரே குரலில் நின்று ஓடத் தொடங்கியது. மிதித்தேன், பாய்ந்தது. காலை எடுத்தேன், பழைய குரலுக்கே வந்து அமைதியாக ஓடியது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒட்டு சரி. அவன் கணக்கும் சரி. இருவரிலும் பிழையில்லை. வேர்வையைத் துடைக்கிற மாதிரி கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

"ஒட்டு நல்லாத்தான் இருக்கு," என்றான் முபீன், காரைப் பார்த்துக்கொண்டே.

"அண்டைக்கு நான் சொன்னதை மனசில வைக்காத."

"எதை?"

"லப்டொப், படம்..."

"படம் பாக்கிறனான்தான்," என்றான். சிரித்தபடி போய்க் கதவை மேலே தள்ளினான். காற்று திரும்ப உள்ளே வந்தது.

திருகு அசையாமல் நட் ஒன்றை இறுக்க வேண்டியிருந்தது. பத்தாம் நம்பர் ஸ்பனரை மேசையில் தேடினேன், காணவில்லை. முபீன் தன் பெட்டியைக் குனிந்து பார்த்தான். உள்ளே கைவிட்டுத் தேடவில்லை. பெட்டியை அப்படியே தூக்கி, கட்டி வைத்ததையெல்லாம் மேசையில் கவிழ்த்துக் கொட்டினான்.

"இதுக்குள்ள கிடக்கும், தேடு. நான் சாப்பாட்டைப் பிரிக்கிறன்," என்றான்.

பத்தாம் நம்பர் கிடைத்தது. அது அவனுடையதா என்னுடையதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.